நாடியைக் கொஞ்சம் தூக்குங்க

1995 மே மாதம். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு, திருமங்கலம் பக்கத்தில் இருந்த எங்கள் இலங்கை அகதி முகாமிலிருந்து தினமும் பஸ் ஏறி மதுரை டவுனுக்குள் ஒரு ஸ்டூடியோவுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். தரை கூட்டுவது, பிரிண்டுகளின் ஓரத்தை வெட்டிக் கவரில் போடுவது, டீ வாங்கி வருவது. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க ஓர் அக்கா வந்தார். ஸ்டூடியோ அண்ணன் டார்க் ரூமுக்குள் இருந்தார். நான், "அக்கா, அந்தக் கதிரையில இருங்கோ, அண்ணன் இப்ப வந்திடுவார்" என்றேன். அவர் நின்றுகொண்டே இருந்தார். இன்னொரு தரம் சொன்னேன். என் முகத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், உட்காரவில்லை. அண்ணன் கையைத் துடைத்தபடி வெளியே வந்து, "சேர்ல உக்காருங்கம்மா" என்றார். உடனே உட்கார்ந்தார்.

அவர் போன பிறகு அண்ணன், "தம்பி, இங்கிட்டு அத சேர்னுதான் சொல்லுவாங்க" என்றார். கோபமும் இல்லை, கேலியும் இல்லை. எனக்குத்தான் காது சூடாகிவிட்டது. நான் பேசியதும் தமிழ், அந்த அக்கா பேசுவதும் தமிழ். கதிரை மட்டுமல்ல சிக்கல் என்பது பஸ்ஸில் திரும்பும்போதுதான் புரிந்தது. 'இருங்கோ' என்றால் எங்களுக்கு உட்காருங்கள் என்று பொருள். இங்கே 'இருங்க' என்றால் கொஞ்சம் பொறுங்கள். அந்த அக்கா நான் சொன்னபடியேதான் செய்திருக்கிறார்: பொறுத்திருந்தார்.

அன்று இரவு 40 பக்க நோட்டு ஒன்றில் நடுவே கோடு போட்டு எழுதத் தொடங்கினேன். இடது பக்கம் எங்கள் சொல், வலது பக்கம் மதுரைச் சொல். திறப்பு, சாவி. தேசிக்காய், எலுமிச்சம்பழம். கெதியா, சீக்கிரம். பேந்து, அப்புறம். வடிவு, அழகு. ஓம், ஆமா. கதைக்கிறது, பேசுறது. எழுத எழுத இடது பக்கம் வளர்ந்துகொண்டே போனது. ஒரு சொல்லுக்கு மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றையே எழுதினேன்: நாடி. முகவாய்க்கட்டைக்கு எங்கள் வீட்டிலும் நாடிதான், அண்ணனின் ஸ்டூடியோவிலும் நாடிதான். 'நாடியைக் கொஞ்சம் தூக்குங்க' என்பது நான் பயமில்லாமல் சொன்ன முதல் வாக்கியம்.

நாங்கள் மன்னார்ப் பக்கம். 1990இல் சண்டை மறுபடி தொடங்கியபோது எனக்கு 11 வயது. அம்மா, நான், தங்கச்சி மூவரும் படகில் வந்து இறங்கினோம். மண்டபம் முகாமில் பதிவு, பிறகு மதுரை மாவட்டம். அந்தப் பயணத்தைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அது அம்மாவின் கதை, அவர் சொல்லும்போது சொல்லட்டும்.

ஸ்டூடியோவில் ஒரு வருஷத்துக்குள் என் பேச்சு மாறிவிட்டது. "அங்கிட்டுப் பாக்காதீங்க, இங்கிட்டு லென்ஸப் பாருங்க, பையத் திரும்புங்க" என்று சரளமாக வரத் தொடங்கியது. இது வெறும் ஒட்டிக்கொள்ளும் ஆசை இல்லை, தொழிலுக்கும் அது தேவைப்பட்டது. கேமரா முன்னால் உட்கார்ந்த மனிதர் ஏற்கெனவே கூச்சத்தில் இருப்பார். நாம் சொல்லும் சொல் அவருக்கு அந்நியமாகப் பட்டால் முதலில் தோள் இறுகும், அப்புறம் கழுத்து, கடைசியாகக் கண். அண்ணன் ஒரு பழக்கம் வைத்திருந்தார். லைட்டை எல்லாம் சரிசெய்துவிட்டு, எந்த ஊர் என்று கேட்பார். சோழவந்தான் என்றால் வெற்றிலைக்கொடிக்கால் பற்றி ஒரு கேள்வி, மேலூர் என்றால் கண்மாயில் தண்ணீர் கிடக்கிறதா என்று ஒரு கேள்வி. வந்தவர் பேசி முடித்து உதடு மூடுகிற அந்த நொடியில் படம் எடுப்பார். பேசும்போது எடுத்தால் வாய் கோணும், பேசுவதற்கு முன் எடுத்தால் முகம் கல்லாக இருக்கும். பேசி முடித்த நொடிதான் அந்த மனிதரின் சொந்த முகம். 30 வருஷமாக இதைத்தான் செய்கிறேன், இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை.

ஒரு ராத்திரி வீட்டில் சாப்பிடும்போது, "வெஞ்சனம் என்னம்மா?" என்று கேட்டேன். அம்மா தட்டில் கறியை வைத்தார். உடனே ஒன்றும் சொல்லவில்லை. கை கழுவிவிட்டு வந்து, "தம்பி, நீ ஆர் வீட்டுப் பிள்ளை மாதிரிக் கதைக்கிறாய்?" என்றார்.

அதன் பிறகு ஸ்டூடியோவில் ஒரு பேச்சு, வீட்டில் ஒரு பேச்சு என்று வைத்துக்கொண்டேன். இரண்டுக்கும் நடுவே பஸ் பயணம் முக்கால் மணி நேரம். நாக்கை மாற்றிக்கொள்ள அந்த நேரம் போதுமாக இருந்தது.

1997இல் கல்லூரியில் தமிழ் இலக்கியம் சேர்ந்தேன். எனக்கு முந்திப் படித்த முகாம் அண்ணன்மார், அக்காமார் சிலருக்கு, 1991இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு, கல்லூரி கிடைக்காமலே போனது. நல்ல மார்க் எடுத்தவர்கள் பெயிண்ட் அடிக்கப் போனதைப் பார்த்தவன் நான். அதனால் சேர்க்கைச் சீட்டு கையில் வந்த அன்று அதை நானே கேமராவில் இரண்டு படம் எடுத்து நெகட்டிவைப் பத்திரப்படுத்தினேன். ஊர்விட்டு ஊர் வந்து படிக்கிறவர்கள் இதை அவசியம் செய்யுங்கள். சான்றிதழ், மாற்றுச் சான்று, அடையாள அட்டை எதுவானாலும் கைக்கு வந்த அன்றே தெளிவாக ஒரு படம். வெயில் நேராக விழாத ஜன்னலோரத்தில் தாளைச் சுவரில் ஒட்டி, கேமராவைத் தாளுக்கு நேராகப் பிடித்து எடுங்கள். முத்திரையும் கையெழுத்தும் வாசிக்கிற மாதிரி இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். ஓர் அலுவலகத்தில் என் மாற்றுச் சான்றிதழைத் தொலைத்துவிட்டு, நான் கொடுக்கவே இல்லை என்று சாதித்தார்கள். அதையும் படம் எடுத்து வைத்திருந்த நெகட்டிவ்தான் என்னைக் காப்பாற்றியது.

படிப்பும் ஸ்டூடியோவும் சேர்ந்து ஓடியது எளிதில்லை. தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் அண்ணனுக்கு என் கை வேண்டும். கல்லூரிக்கோ 75 சதவீத வருகை வேண்டும். முதல் வருஷம் வருகை குறைந்து அபராதம் கட்டினேன். இரண்டாம் வருஷம் காலண்டரைப் பிரித்துவைத்து, முகூர்த்தம் இல்லாத ஆடியையும் மார்கழியையும் படிப்புக்கென்று ஒதுக்கினேன். மார்கழியில் அதிகாலை பனியில் முகாம் தெருவிளக்கின் கீழே உட்கார்ந்து படித்த பாடம் இன்னும் வரிவரியாக நினைவிருக்கிறது. முகாமில் பேர் கூப்பிடும் நாளில் வீட்டில் இருந்தாக வேண்டும். அந்தத் தேதியையும் அதே காலண்டரில் குறித்தேன்.

முதல் பருவத் தேர்வில் ஒரு விரிவுரையாளர் என் விடைத்தாளில் ஐந்தாறு இடங்களில் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். 'இந்த உவமை பல பாடல்களில் பாவிக்கப்படுகிறது' என்று எழுதியிருந்தேன். 'றேடியோ' என்று ஓரிடத்தில். மார்க் குறைந்ததைவிட, ஓரத்தில் 'தமிழ் தெரியாதா?' என்று அவர் எழுதியிருந்ததுதான் வலித்தது. அதை மூத்த பேராசிரியர் ஒருவரிடம் கொண்டு போனேன். ஐயா வேட்டிதான் கட்டுவார், மெதுவாகத்தான் பேசுவார். படித்துப் பார்த்துவிட்டு, "பாவிக்கிறதுன்னா இங்க நினைச்சுக்கிறது, பாவனை பண்றது. உங்க ஊர்ல பயன்படுத்துறது. ரெண்டும் தமிழ்தான். பரீட்சைத்தாள் யார் கைக்குப் போகுதோ அவருக்கு விளங்குற மாதிரி எழுது. ஆனா உன் சொல்ல நோட்டுலருந்து அடிச்சிடாத" என்றார்.

'விளங்குற' என்று அவர் சொன்னார். அது எங்கள் வீட்டில் அன்றாடம் புழங்குகிற சொல். தெரிந்துதான் சொன்னாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

அவர்தான் என்னைத் தமிழ்ச் சங்கம் ரோட்டுக்கு அழைத்துப் போனவர். பாண்டித்துரைத் தேவர் 1901இல் தொடங்கிய சங்கம் அது. மட்டக்களப்புப் பக்கம் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1916இல் இந்தச் சங்கத்தின் பண்டிதர் தேர்வில் தேறியவர் என்று அந்தத் தெருவில் நின்றுதான் சொன்னார். சங்கப் புலவர்களில் ஒருவருடைய பெயரே மதுரை ஈழத்துப் பூதன்தேவனார் என்றும் சொன்னார். நான் பாடப்புத்தகத்தில் அந்தப் பெயரைப் பார்த்திருக்கிறேன், மார்க்குக்காக மனப்பாடமும் செய்திருக்கிறேன். மதுரையும் ஈழமும் ஒரே பெயருக்குள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதை அதுவரை நான் கவனித்ததே இல்லை.

இரண்டாம் வருஷம் துறையிலிருந்து திருப்பரங்குன்றம் மலைக்குக் கல்வெட்டுப் பார்க்கப் போனோம். அங்கே சமணத் துறவிகள் தங்கிய குகையும் கற்படுக்கைகளும் இருக்கின்றன. ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முந்திய தமிழ்ப் பிராமி எழுத்து. எருகாடூரைச் சேர்ந்த ஈழக் குடும்பிகன் பொலாலையன் என்று அறிஞர்கள் படித்திருக்கிறார்கள். அந்தக் குகைக்குக் கொடை தந்தவர்களில் ஒருவர் ஈழத்துக் குடும்பத்துக்காரர். ஐயா அதை வாசித்துக் காட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் அழுதிருப்பேன்.

அண்ணன் இரவல் கொடுத்த யாஷிகா எஃப்எக்ஸ்-3 என்னிடம் இருந்தது. ரோலில் ஒன்பது படம் மிச்சம். ஒன்பதையும் அந்தப் பாறைக்கே செலவழித்தேன். கழுவிப் பார்த்தால் ஒன்றிலும் எழுத்து இல்லை. ஃபிளாஷை நேராக அடித்திருந்தேன், பாறை வெள்ளைச் சுவர் மாதிரி வந்திருந்தது. ஆழமில்லாத வெட்டு எழுத்துக்கு நேர் வெளிச்சம்தான் எதிரி. பள்ளத்தில் நிழல் விழுந்தால்தானே எழுத்து தெரியும்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் வகுப்பு நண்பன், உசிலம்பட்டிக்காரன், நான்கு பேட்டரி டார்ச் ஒன்றோடு வந்தான். முக்காலி இல்லை. துண்டைச் சுருட்டிக் கல்மேல் வைத்து அதில் கேமராவைப் பதித்தோம். டார்ச்சை அவன் பாறையோடு கிட்டத்தட்ட ஒட்டிப் பிடித்தான். வெளிச்சம் பாறையின் மேல் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி. முதலில் இடப்பக்கமிருந்து, பிறகு மேலிருந்து. மேலிருந்து வந்தபோது குறுக்குக் கோடுகள் எழுந்தன, இடப்பக்கமிருந்து வந்தபோது நெடுக்குக் கோடுகள் எழுந்தன. ஒரே எழுத்து, விளக்கை நகர்த்த நகர்த்தப் பாதி பாதியாகத் தன்னைக் காட்டியது. கேபிள் ரிலீஸை அழுத்தி நான்கு விநாடி, எட்டு விநாடி என்று எண்ணினோம். டார்ச்சை நிலையாகப் பிடிக்காமல் மெல்ல அசைத்தபடி இருந்தால் வெளிச்சம் திட்டுத் திட்டாக விழாது. இதை அவனே கண்டுபிடித்தான், நான் சொல்லவில்லை.

கல்வெட்டு எடுக்கப் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். எழுத்து தெரிய வேண்டும் என்று சாக்பீஸ் தேய்க்காதீர்கள், எண்ணெய், தண்ணீர் ஊற்றாதீர்கள். 2000 வருஷம் தாங்கிய கல் நம் ஒரு படத்துக்காகத் தேய வேண்டியதில்லை. திறந்த வெளிப் பாறையானால் காலை அல்லது மாலைச் சாய்வெயில் போதும், விளக்கே வேண்டாம். தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடமென்றால் முக்காலியும் விளக்கும் கொண்டுபோக முன்னாலேயே அனுமதி கேளுங்கள்.

படம் எடுத்தால் மட்டும் போதும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கீழே என்ன எழுதுகிறோம் என்பது பற்றி எனக்குக் கவலை இருந்ததில்லை. அதை மாற்றியவர் தெற்குமாசி வீதி முனையில் பூக்கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா.

மூன்றாம் வருஷம், துறை விழாவில் என் படங்களை ஒட்டப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஒரு வாரம் காலையில் அங்கே போய் அவர் கையைப் படம் எடுத்தேன். நனைத்த வாழைநார் இடது கையில். இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு, நாரை ஒரு சுற்று, சுண்டி ஓர் இழுப்பு. மொட்டு நசுங்காது, முடிச்சும் நெகிழாது. கண் கையில் இருக்காது, தெருவில் போகிறவர்களிடம் பேசிக்கொண்டே கட்டுவார். அழகான படம் ஒன்று கிடைத்தது. அதன் கீழே 'மல்லிகை விற்கும் மூதாட்டி' என்று எழுதி ஒட்டினேன். எல்லோரும் பாராட்டினார்கள்.

விழா முடிந்ததும் அந்த அட்டையை அவருக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது, பேரன் வாசித்தான். அவர் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார், சிரித்தார். பிறகு, "விக்கிறவன்னு எழுதியிருக்கியாய்யா? நான் விக்கலையே. பூவு கடைக்காரருது. நான் கட்டுக்கூலிக்குக் கட்டுறவ" என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. கணக்கில் ஒரு பிழையைத் திருத்துகிற குரல். ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஷட்டர் வேகம் எல்லாம் குறித்துவைத்தேன். அவர் செய்கிற வேலைக்கு அவர் என்ன பெயர் வைத்திருக்கிறார் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. என் பேச்சு புரியாமல் ஒருவர் நின்றபோது எனக்கு எவ்வளவு வலித்தது! அதையே நான் அவருக்குச் செய்திருக்கிறேன்.

அட்டையைத் திரும்ப வாங்கி, 'கட்டுக்கூலிக்குப் பூக்கட்டுகிறவர், தெற்குமாசி வீதி' என்று மாற்றி எழுதிக் கொடுத்தேன். பேரன் மறுபடி வாசித்தான். "ஆங், அதான்" என்றார்.

அன்றிலிருந்து என் நோட்டு வேறு மாதிரி ஆனது. படம் எடுத்த அன்று இரவே, தூங்குவதற்கு முன், படத்தில் இருப்பவர் தன் பெயரை எப்படிச் சொன்னாரோ அப்படி எழுதுவேன். தன் வேலையை, தன் கையில் இருக்கும் பொருளை அவர் என்ன சொல்லிச் சொன்னாரோ அதையும் எழுதுவேன். அவர் பேசியதில் ஒரு வாக்கியமாவது அவர் வாய்மொழியிலேயே. மறுநாள் என்றால் அந்த வாக்கியம் நம் வாக்கியமாக மாறிவிடும், நான் பல தடவை சோதித்திருக்கிறேன். இப்போது என்னிடம் படிக்க வரும் பிள்ளைகள் போனில் குரலைப் பதிவு செய்கிறார்கள். கேட்டுவிட்டுப் பதிவு செய்தால் நல்லதுதான். ஆனாலும் கையால் ஒரு தடவை எழுதச் சொல்கிறேன். கேட்கும்போது தப்பிப் போகிற சொல் எழுதும்போது மாட்டிக்கொள்ளும். சந்தேகம் வந்தால் மறுநாள் திரும்பப் போய்க் கேளுங்கள். யாரும் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை, இவன் மறுபடி வந்துவிட்டானே என்று சந்தோஷப்பட்டவர்கள்தான் அதிகம்.

வேற்று ஊரில், வேற்றுத் தமிழில் படிக்க வந்திருக்கிற பிள்ளைகளுக்கும் எனக்குத் தெரிந்த வழி இந்த இரட்டைப் பத்தி நோட்டுதான். முகாம் பிள்ளைகள் மட்டுமல்ல, நாகர்கோவிலிலிருந்து வந்து மதுரையில் விடுதியில் தங்கும் பிள்ளையும் முதல் மாதம் இப்படித்தான் தவிக்கிறது. புதுச் சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள், அது சோறு போடும். பழையதை அடிக்காதீர்கள். நான் ஐந்தாறு வருஷம் எங்கள் சொற்களை வீட்டு வாசலிலேயே கழற்றிவிட்டுப் போனேன். அதனால் என் கண்ணிலும் ஏதோ ஒன்று குறைந்துதான் போனது. 'வடிவு' என்ற சொல் வாயில் இருந்த காலத்தில் நான் பார்த்த மாதிரி, 'அழகு' என்று சொல்லத் தொடங்கிய பிறகு பார்க்கவில்லை. வடிவில் உருவமும் இருக்கிறது, வளைவும் கோடும் இருக்கிறது. ஒரு படக்காரனுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் வேறு எது?

இப்போது நண்பர் ஒருவரோடு சேர்ந்து சின்ன ஸ்டூடியோ நடத்துகிறேன். 2021இல் அரசு எங்கள் முகாம்களுக்கு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. மாதத்தில் ஒரு ஞாயிறு அங்கே போய் முதியவர்களைப் படம் எடுக்கிறேன். பலருக்குச் சின்ன வயதுப் படம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் கடலோடும் நெருப்போடும் போயிற்று. யாரிடமாவது உப்புநீர் பட்டு ஒட்டிப்போன பழைய படம் இருந்தால், பிரிக்க முயலாதீர்கள் என்று முதலில் சொல்வேன். எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே ஒரு பிரதி எடுத்த பிறகுதான் மற்றது எல்லாம். அம்மாவின் கல்யாணப் படத்தைப் பிரிக்கப் போய் அப்பாவின் பாதி முகத்தை இழந்தவன் நான்.

போன மாதம் மகளும் கூட வந்தாள். கல்லூரியில் முதல் வருஷம். மதுரையில் பிறந்தவள், பள்ளித் தோழிகளோடு அங்கிட்டு இங்கிட்டு என்றுதான் பேசுவாள். என் பழைய நோட்டு இரண்டு வருஷமாக அவள் மேசையில்தான் கிடக்கிறது. அம்மாவைப் படம் எடுக்க வேண்டும் என்று அவளே கேமராவை எடுத்தாள். வேப்பமர நிழலில் நாற்காலியைப் போட்டுவிட்டு, "அப்பம்மா, கதிரையில இருங்கோ" என்றாள்.

அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். வெயில் இலைகளுக்கு நடுவே விழுந்து முகத்தில் புள்ளி புள்ளியாக ஆடியது. மகள் ஒரு வெள்ளைத் துண்டை மேலே பிடிக்கச் சொன்னாள், பிடித்தேன். மன்னாரில் இப்ப மழையோ என்று அவள் கேட்டாள். அம்மா ஏதோ சொல்லி முடித்தார். அவள் எடுத்தாள்.

இரண்டு பிரிண்ட் வேண்டும் என்றார் அம்மா. ஒன்று மன்னாரில் இருக்கும் பெரியம்மாவுக்கு. பின்பக்கம் பெயரும் தேதியும் எழுதித் தரச் சொன்னார். "உன்ர எழுத்தில வேண்டாம், பிள்ளையின்ர எழுத்தில" என்றார். அவள் எழுதினாள்.